முதலில் ஒரு ரெஃப்ரெஷ்

"முதல்ல ஒரு ரெஃப்ரெஷ் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே, சைட்டில் தப்பு தேடிப் பிடிக்கிற வேலையிலிருந்த டெஸ்டர் பெண்ணின் கையிலிருந்த போனைக் கேட்காமலே வாங்கினார். வாங்கின வேகத்தில் அவருடைய கட்டைவிரல் திரையின் மேலிருந்து கீழே இறங்கியது. அரை மணி நேரம் படாத பாடு பட்டு அவள் வரவழைத்து வைத்திருந்த தப்பு, அந்த ஒரு இழுப்பில் பக்கம் புதிதாக ஏறியதும் காணாமல் போனது. "பாத்தீங்களா, போயிடுச்சு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். தப்பு எங்கேயும் போகவில்லை. அதற்கு இருந்த ஒரே சாட்சிதான் போனது. இதை அவருக்கு எடுத்துச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த ஆபீஸில் வெப்சைட் எழுதுகிறவர்களிலேயே மூத்தவர் அவர்தான். பதினோரு வருட அனுபவம். அதை ஒரு நாளைக்குப் பதினோரு தடவையாவது சொல்லிவிடுவார். முகத்துக்கு நேரே எல்லாரும் 'சார்' என்பார்கள். தண்ணீர் பிடிக்க அவர் எழுந்து போனதும், 'ரெஃப்ரெஷ் என்ன சொன்னாரு?', 'ரெஃப்ரெஷ் மெயில் போட்டாரா?' என்று பேச்சு மாறும். அவருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்.

காலையில் ஒன்பதரைக்கு வந்தால் பத்து மணி வரை கீபோர்டுக்குச் சிங்காரம். சொந்தச் செலவில் வாங்கிய கீபோர்டு, டக் டக்கென்று நாலு மேசைக்குக் கேட்கும். பெயிண்ட் அடிக்கிற சின்ன பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தூசி தட்டுவார். பிறகு கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைச் சட்டையின் நடுப் பொத்தானுக்கு நேராக வருகிற மாதிரி சரிசெய்துகொள்வார். அந்தக் கார்டை அவர் கழற்றிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. முடிவெட்டப் போனபோதுகூடப் போர்த்திய துணிக்கு மேலே எடுத்து விட்டுக்கொண்டார் என்று பார்த்த ஒருவர் சொன்னார். நம்பாமலிருக்கக் காரணம் இல்லை.

மேசையில் மூன்று திரைகள். ஒன்றில் புரோகிராம் எழுதுவார், ஒன்றில் மெயில் பார்ப்பார். மூன்றாவதில் ஒரு பச்சைக் கோடு நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். வெளியாட்கள் வந்தால் அதைத்தான் முதலில் காட்டுவார், "இதான் சர்வரோட ஹெல்த்" என்று. ஒருநாள் அந்த சர்வர் இரண்டு மணி நேரம் மூச்சுப் பேச்சில்லாமல் படுத்துக் கிடந்தது. கோடு மட்டும் வழக்கம்போல உற்சாகமாக ஏறி இறங்கியது. பார்த்தால், எங்கிருந்தோ இறக்கிய மாதிரிப் படம் அது. எந்த சர்வரோடும் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்டுபிடித்தவள் டெஸ்டர் பெண். கேட்டதற்கு அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "பாக்குறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும்ல மேடம்" என்றார்.

அவருடைய வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ரெஃப்ரெஷ். கேட்கவில்லையா, கேஷை அழி. அதாவது பிரவுசர் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் பழைய பக்கங்களைத் துடைத்துப் போடு. அதற்கும் கேட்கவில்லையா, வேறு பிரவுசரில் பார். பிறகு போனை அணைத்துப் போடு. பிறகு நெட் ஸ்லோ. எல்லாம் தீர்ந்தால் கடைசி மருந்து ஒன்று கைவசம் இருக்கிறது: "யூசர் மிஸ்டேக்." இந்த வரிசையில் எந்த இடத்திலும் தான் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்ப்பது என்று ஒரு படி கிடையாது. பத்தில் ஆறு தடவை இந்த வைத்தியம் பலித்தும் விடுகிறது, அதுதான் கஷ்டகாலம். பலிக்காத நாலு பேர் அலுத்துப்போய்ப் புகார் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். அவர்களையும் குணமானவர்கள் கணக்கில்தான் அவர் சேர்ப்பார்.

இன்னொரு வாக்கியமும் உண்டு. "என் மிஷின்ல ஓடுதே." ஓடாமல் என்ன செய்யும்? அந்தக் கம்ப்யூட்டரில் அவர் லாகின் செய்து இரண்டு வருடம் ஆகிறது, ஒரு தடவைகூட வெளியே வந்ததில்லை. புதிதாக வருகிற ஆள் எந்த வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, வெளிக்கதவு நன்றாகத் திறக்கிறது என்று சத்தியம் செய்கிற ஆள் அவர்.

அப்படியே தப்பித் தவறிப் புரோகிராமைத் திறக்க நேர்ந்தால் அது தனிக் கூத்து. திரையில் என்ன தப்பு எழுதியிருக்கிறதோ அதை அப்படியே அள்ளி நெட்டில் போட்டுத் தேடுவார். முதலில் வருகிற பதிலை எடுத்து ஒட்டுவார். அது எந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் என்று படித்துப் பார்க்கிற பழக்கமெல்லாம் கிடையாது. ஒருமுறை அவர் ஒட்டியதோடு சேர்ந்து, அதை எழுதியவன் வைத்த குறிப்பும் வந்துவிட்டது: 'இது வெறும் மாதிரி, நிஜ சைட்டில் போடாதீர்கள்.' அந்தக் குறிப்போடுதான் அது இன்றைக்கும் நிஜ சைட்டில் இருக்கிறது.

எது உடைந்தாலும், "முன்னாடி இருந்தவன் பண்ணி வச்ச வேலை" என்பார். முன்னாடி இருந்தவனுடைய அறிவு, வளர்ப்பு, படித்த காலேஜ் எதையும் விட்டுவைக்க மாட்டார். ஒவ்வொரு வரியையும் யார், என்றைக்கு எழுதினார்கள் என்று காட்டும் வசதி ஒன்று அந்தக் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. டெஸ்டர் பெண் ஒருநாள் அதை அழுத்திக் காட்டினாள். முன்னாடி இருந்தவர் பெயர் அவருடைய பெயராகவே இருந்தது. "அப்ப நான் புதுசு" என்றார். எழுதின தேதிக்கு அவருக்கு ஒன்பது வருட அனுபவம் ஆகியிருந்தது.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம்தான், அந்த டயாலிசிஸ் சென்டரின் சைட் அவர் கைக்கு வருகிற வரை. சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நாலு மணி நேரம் மெஷினில் இருந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிற இடம் அது. நாற்காலிகள் கம்மி, ஆட்கள் அதிகம். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணிக்கு அந்த வாரத்து இடங்கள் சைட்டில் திறக்கும். அவரவர் போனில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவானால் பெரிதாக ஒரு பச்சை டிக் வரும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் நேரம், விநாடி வரைக்கும்; ரெஃப்ரெஷ் கொடுத்தால் இரண்டும் போய்விடும். அந்த விநாடியைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை.

சைட்டை சென்டர்காரர்களுக்குக் காட்டிய அன்று, ஆபீஸ் மேனேஜர் பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்கச் சிவப்பெழுத்தில் ஏதோ வந்து நின்றது. மேனேஜர் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. விருந்தாளிகள் போன பிறகு, இனிமேல் தன் கண்ணில் சிவப்பாக எதுவும் படக்கூடாது என்று சொல்லிவிட்டார் மேனேஜர். ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. நம்மவரும் அந்த வார்த்தையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார்.

எப்படி என்றால், இப்படி. புரோகிராம் ஓடும்போது ஏதாவது தப்பு நடந்தால் அதைப் பிடித்து, அடுத்து என்ன செய்வது, ஆளுக்கு என்ன சொல்வது என்று எழுத ஒரு இடம் உண்டு. அந்த இடத்தை அவர் காலியாக விட்டார். தப்பு வரும், பிடிபடும், அங்கேயே சத்தமில்லாமல் செத்துப்போகும். அதற்கு அடுத்த வரியில் பச்சை டிக்கைக் கொண்டுவந்து வைத்தார். ஆக, பதிவானாலும் பச்சை, ஆகாவிட்டாலும் பச்சை. மறுநாள் மேனேஜர் நாற்பது தடவை அழுத்திப் பார்த்தார். நாற்பதும் பச்சை. "இதான்யா வேலை" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டலை அவர் ஒரு மாதம் வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

புகார்கள் ஒவ்வொன்றாக வந்தன. டிக் வந்தது, போய் நின்றால் லிஸ்டில் பெயர் இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் விஷயம். அவர் முதல் ஆளுக்கு ரெஃப்ரெஷ் எழுதினார், இரண்டாவது ஆளுக்குக் கேஷ் எழுதினார், எட்டாவது ஆளுக்கு யூசர் மிஸ்டேக் என்று போட்டு மூடினார். டெஸ்டர் பெண் மட்டும் ஒரு நோட்டு வாங்கி வரி போட்டு எல்லாவற்றையும் எழுதிவைத்தாள். மூன்று வாரத்தில் இருபத்து மூன்று புகார்கள். இருபத்து மூன்று பேரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கும் எட்டு ஐந்துக்கும் நடுவில் அழுத்தியவர்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் முட்டும்போது ஏதோ உடைகிறது என்று நோட்டைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள். ஆபீஸிலேயே பன்னிரண்டு பேரை உட்காரவைத்து ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்கலாம் என்றாள்.

"மத்தியானம் மூணு மணிக்கு நானே அழுத்திப் பாத்தேன் மேடம், ஜம்முனு ஓடுது" என்றார் அவர். மத்தியானம் மூன்று மணிக்கு, தனி ஆளாக. நோட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. பன்னிரண்டு பேர் ஒன்றாக அழுத்தினால் எந்த சைட்தான் நிற்கும் என்று வேறு கேட்டார். பார்க்கப் போனால் அந்தச் சென்டரில் வாரத்துக்கு நூற்றிருபது பேர் அழுத்துகிறார்கள். இதைவிட வெட்கங்கெட்ட கேள்வி ஒன்று உண்டா? அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவருக்கு ஒரு அக்கா இருக்கிறாள். சலவைக் கடை ஒன்றில் துணி வாங்கிச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. அக்காவின் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒரு வருடம் ஆகிறது. புதனும் சனியும் அதே சென்டரில்தான் மெஷின். தம்பி செய்த சைட் என்பதில் அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சென்டரின் ஹாலில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், "இது என் தம்பி பண்ணது" என்று போனைக் காட்டாமல் விடமாட்டாள். அவளோடு ஒரே ஒரு தடவை உட்கார்ந்து, போனில் எப்படிப் பதிவு செய்வது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்ததோடு தம்பியின் கடமை முடிந்தது.

அந்தத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு அக்கா அழுத்தினாள். பச்சை டிக் வந்தது. வந்த கையோடு அதை ஒரு போட்டோவும் எடுத்துவைத்தாள், சீட்டு எழுதுகிறவள் புத்தி. புதன்கிழமை காலை பத்து மணிக்கு மாமாவை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுபோய் நிறுத்தினால், லிஸ்டில் பெயர் இல்லை. சனிக்கிழமைக்குப் பிறகு மெஷின் பார்க்காத உடம்பு. கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து போயிருந்தது. நாலு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். இன்றைக்கு விட்டால் அவருடைய அடுத்த முறை சனிக்கிழமைதான். அதுவரை தாங்காது என்று நர்ஸே சொல்லிவிட்டாள்.

அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். அவர் அப்போது பிரஷ்ஷால் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் வாயிலிருந்து என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? வேறென்ன.

"முதல்ல ஒரு ரெஃப்ரெஷ் குடுக்கா."

"டேய், மாமாவுக்கு மூச்சு முட்டுதுடா. நீ ரெஃப்ரெஷ்ஷுங்கற."

"பச்சை டிக் வந்துச்சா?"

"வந்துச்சு. போட்டோவே இருக்கு."

"அப்ப பதிவாயிருக்கும்க்கா. டிக் வந்துட்டா கண்டிப்பா ஆயிருக்கும். லிஸ்ட்ல சரியாப் பாக்கச் சொல்லு."

இதை என்ன சொல்வது? பதிவானாலும் ஆகாவிட்டாலும் பச்சை காட்டும்படி அந்த டிக்கைத் தன் கையாலேயே வைத்தவர். அதை அவரே நம்பினார். சும்மா அக்காவைச் சமாளிக்கச் சொன்ன வார்த்தையும் இல்லை, மனசார நம்பித்தான் சொன்னார். மேனேஜரின் கண்ணை மறைக்கக் கட்டிய திரைக்குப் பின்னால், இத்தனை நாளாகத் தானும் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

போனை வைத்துவிட்டு, பதிவுகள் எல்லாம் போய்ச் சேர்கிற டேட்டாபேஸைத் திறந்து மாமாவின் பெயரைத் தேடினார். இல்லை. அக்கா பெயரில் தேடினார். இல்லை. போன் நம்பரில் தேடினார், அதுவும் இல்லை. முதல்முறையாக அவர் முகத்தில் ஈயாடவில்லை. எதிர் மேசையிலிருந்த டெஸ்டர் பெண்ணைப் பார்த்தார். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அந்தக் காலி இடத்துல ஒரு வரி எழுதுங்க சார். என்ன தப்பு வருதோ அது வெளிய தெரியட்டும். நான் பன்னெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன்."

இந்தத் தடவை அவர் அந்த வரியை எழுதினார். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். சைட்டைச் சோதனைக்கென்று இருக்கும் காலி டேட்டாபேஸை நோக்கித் திருப்பிவிட்டு, அவள் மூன்று வரை எண்ணினாள். பன்னிரண்டு போனிலும் பச்சை டிக். டேட்டாபேஸில் பத்துப் பெயர்கள். மீதி இரண்டு பேர் எங்கே என்று அவருடைய திரை சிவப்பெழுத்தில் சொன்னது: ஒரே சமயத்தில் பத்துப் பேருக்குத்தான் இடம், பதினோராவது ஆளுக்குக் கதவு திறக்காது. அந்தப் பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்கள். நிஜ சைட்டில் போடாதீர்கள் என்ற குறிப்போடு வந்த அதே மாதிரிப் புரோகிராமில் இருந்த எண்தான். எழுதியவர் யார் என்று அழுத்திப் பார்க்க இந்தமுறை யாரும் முனையவில்லை. அந்த மட்டில் அவருக்கு மரியாதை கொடுத்தார்கள்.

ஒரு எண்ணை மாற்றினால் தீர்ந்தது. தப்பு வந்தால் 'பதிவாகவில்லை' என்று சிவப்பில் சொல்ல இன்னும் இரண்டு வரி. மொத்தம் கால் மணி நேர வேலை. உடனே இதைச் செய்துவிட்டு, இந்த வாரம் பொய் டிக் வாங்கியவர்கள் யார் யார் என்று சென்டருக்கும் சொல்லிவிடலாம், அங்கே இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்களோ என்றாள் அவள். சிவப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் மேனேஜர் அறையைத் திரும்பிப் பார்த்தார். "வந்து பாத்துக்கலாம் மேடம்" என்று எழுந்தார். கார்டைச் சட்டைப் பொத்தானுக்கு நேராக இழுத்துவிட்டுக்கொண்டு சென்டருக்குப் புறப்பட்டார்.

சென்டரின் ஹால் ஒரு நீளமான அறை. சுவர் ஓரமாக இரும்பு நாற்காலிகள், மூலையில் தண்ணீர் கேன், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் முனகுகிற சத்தம். பச்சை டிக்கோடு வந்து இடமில்லாமல் நின்றவர்கள் மாமாவையும் சேர்த்து நாலு பேர். நர்ஸ் நாலு பேரையும் சோதித்துப் பார்த்திருந்தாள். இரண்டு பேர் நாளைக் காலை வரை தாங்குவார்கள் என்று இடம் சொல்லி அனுப்பிவிட்டாள். இன்றைக்கே மெஷின் வேண்டியவர்கள் மாமாவும், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும். அவளுக்கு முப்பது வயது இருக்கும், கூட அவளுடைய அம்மா.

அக்கா தம்பியைப் பார்த்ததும் எழுந்து வந்து, குரலை இறக்கி, "நீ பண்ணதுன்னு நான் இங்க யார்கிட்டயும் இன்னிக்குச் சொல்லலடா" என்றாள். தம்பிக்கு அவமானம் வரக்கூடாதே என்று அவள் பார்த்துக்கொண்ட லட்சணம் அது. மாமா தலையை மட்டும் தூக்கினார்.

"வா மாப்ள" என்றார். ஒரு மூச்சு விட்டு, "உனக்கு எதுக்கு அலைச்சல்" என்றார்.

நம்மவர் வழிநெடுக ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். சர்வரில் லோடு, டெக்னிக்கல் இஷ்யூ என்றெல்லாம் அதில் இருந்தது. மாமாவின் காலைப் பார்த்த பிறகு அதை விட்டுவிட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதோடு சரி. நான்தான் இதை எழுதினேன், டிக் பொய், லிஸ்ட்தான் நிஜம், தப்பு உங்கள் யார் மேலும் இல்லை என்று எழுந்து நின்று சொல்ல அங்கே ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் உட்கார்ந்து தண்ணீர் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி வாக்கில் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். நாலு மணிக்கு ஒரு நாற்காலி காலியாகிறது, ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றாள். ஒரே ஒரு நாற்காலி. இரண்டு பேர் நிலைமையும் ஒன்றுதான், தன்னால் ஒருவரைத் தள்ளி ஒருவரைச் சொல்ல முடியாது என்றாள். அதனால் திங்கட்கிழமை யார் முதலில் பதிவு செய்தார்களோ அவருக்கு நாற்காலி, மற்றவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறேன், அங்கே வரிசையில் இருந்துதான் பார்க்க வேண்டும் என்றாள். "டிக்குக்குக் கீழ டைம் போட்டிருக்கும்ல, எடுங்க ரெண்டு பேரும்."

லிஸ்டில் இல்லாத இரண்டு பேருக்கு, பொய் டிக்கில் இருந்த விநாடி தீர்ப்புச் சொல்லப் போகிறது. பெருமைப்பட்டுக்கொண்ட விநாடிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

அக்கா தன் போனில் இருந்த போட்டோவை நர்ஸிடம் நீட்டினாள். நர்ஸ் உரக்கப் படித்தாள்: "எட்டு ரெண்டு, பத்து செகண்ட்."

அந்தப் பெண்ணின் அம்மா தன் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். போட்டோ எடுக்கத் தெரியாதாம். திங்கட்கிழமை டிக் வந்ததும் அந்தப் பக்கத்தை அப்படியே வைத்திருக்கிறாள். இரண்டு நாளாக வேறு எதையும் திறக்கவில்லை, தொட்டால் போய்விடுமோ என்று பயம். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த அவளுக்குப் பொடி எழுத்துப் புலப்படவில்லை. யாரிடம் கேட்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தவள், அவருடைய கழுத்தில் தொங்கிய கார்டைப் பார்த்தாள்.

"தம்பி, கார்டெல்லாம் போட்டிருக்கீங்க, கம்ப்யூட்டர் வேலைதானே? இதுல டைம் என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவர் போனை வாங்கினார். பெரிய பச்சை டிக். அதற்குக் கீழே, அவரே அளவு பார்த்து வைத்த பொடி எழுத்து. எட்டு ஒன்று, ஐம்பத்திரண்டு விநாடி. மாமாவுக்குப் பதினெட்டு விநாடி முன்னால்.

சுவரில் சாய்ந்திருந்த பெண் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். மாமா மட்டும் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் டைம்?" என்றாள் நர்ஸ், பேனாவைத் திறந்தபடி.

அவருடைய கட்டைவிரல் திரையின் மேலிருந்து கீழே இறங்கியது.